கழிவு போடாத தராசு

மனித இனம் தோன்றிய நாள் முதல் வானத்தை அண்ணாந்து பார்த்து ஏங்கிக்கொண்டே வந்திருக்கிறது. யுகயுகமான அந்த ஏக்கம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதத்தில், இலங்கையில் ஹட்டனுக்கு மேலே கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் நிறைவேறுவதற்கு எல்லாம் கூடிவந்திருந்தது. ஆகாய விமானத்துக்குள் தூளியை எதில் கட்டுவது என்பதுதான் பாக்கி.

"உத்தரம் இருக்குமா?" என்று கேட்டாள் பூரணி.

"ஏரோப்பிளேன்ல ஏதுடி உத்தரம்?" என்றார் அவள் புருஷன், பெரிய கங்காணி சின்னராசா.

"அப்ப புள்ள எதுல தூங்கும்?"

பெரிய கங்காணி மீசையைத் தடவினார். தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்து, அந்த ஆட்களுக்கெல்லாம் தலைவராக இருப்பவர் அவர். கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட தடி ஆகியவற்றோடுதான் அவர் குளிக்கப் போகிறார் என்று ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. துரை கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் உண்டு. உத்தரம் பற்றித் துரை இதுவரை கேட்டதில்லை.

"என் மடியில தூங்கும்" என்றார். சொன்னதும் அவருக்கே அது பிடித்துப்போயிற்று. ஏனென்றால் விஷயமே அதுதான். கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஆண்பிள்ளைக்குத் துறையூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை. மற்றவர்களைப் போலத் தலைமன்னார் வரை ரயில், பிறகு கப்பல், மறுபடி ரயில் என்று கரித்தூளோடு போய் இறங்காமல், கொழும்பிலிருந்து புதிதாகப் பறக்கத் தொடங்கியிருக்கும் தபால் விமானத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, திருச்சியில் வானத்திலிருந்து இறங்குவது. கீழே மேளதாளம். மேளத்துக்குப் பக்கத்தில், வாயைப் பிளந்துகொண்டு மச்சான் வடிவேல்.

வடிவேல் பூரணியின் அண்ணன். போன வருஷம் மோட்டார் கார் வாங்கியவர். வாங்கிய அன்றைக்கு, "மாப்ளே, ஒங்களையும் ஏத்திக்கிருவேன், ஆனா டயரு புதுசு" என்று நாலு பேர் முன்னால் சொன்னவர். அன்றையிலிருந்து சின்னராசாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் சோறு இறங்கியபோதெல்லாம் மச்சானின் ஞாபகமும் கூடவே இறங்கியது.

எனவே பிள்ளையை ஆகாயத்துக்குப் பழக்குவது என்று தீர்மானமாயிற்று.

முதலில் சத்தம். விமானத்தின் இயந்திரம் இடிமாதிரி முழங்குமாம். பிள்ளை மிரண்டு அழுதால் மடியில் வைத்திருப்பவரின் மரியாதை என்ன ஆவது? ஆகவே தினமும் மத்தியானம் பிள்ளையைத் தேயிலை ஆக்கும் ஸ்டோருக்குத் தூக்கிப்போய், கொழுந்து அரைக்கும் ரோலர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தூக்கிப் போனவள் காளியாயி. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கிழவி. ஆள் ஒரு பிடிதான் இருப்பாள். காலையில் கொஞ்ச நேரம் அவளும் கொழுந்து எடுப்பாள்.

முதல் நாள் பிள்ளை கண்ணை அகல விரித்தான். இரண்டாம் நாள் சிரித்தான். மூன்றாம் நாள் ரோலர் ஓட ஆரம்பித்ததும் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனான்.

"ஐயா, தம்பி தேறிட்டாரு" என்று காளியாயி வந்து சொன்னாள்.

தேறியதில் ஒரு சங்கடம் இருந்தது. அதற்குப் பிறகு பிள்ளை வீட்டில் தூங்க மறுத்தான். தாலாட்டுப் பாடினால் உதட்டைப் பிதுக்கினான். கங்காணியார் தொண்டையைச் செருமி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ட்ர்ர்ர்ர்" என்று இயந்திரம்போல் உறுமினால் மட்டும் கண் சொருகினான். மூச்சு முட்டி அவர் நிறுத்தினால் விழித்துக்கொண்டான். முந்நூறு ஆளை அதட்டிய குரல் இப்படி வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ட்ர்ர்ர் என்றுகொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் எட்டிப் பார்க்காதவர்களுக்கும் சொன்னார்கள்.

அடுத்தது உயரமும் காற்றும். ஸ்டோரின் மேல்தட்டில், கொழுந்து வாட்டும் இடத்தில், பெரிய காற்றாடி ஓடும். பிள்ளையோடு அங்கே ஏறி நின்று கீழே பார்த்துப் பழகுவது திட்டம். பிள்ளை கீழே பார்த்தான், எச்சில் ஒழுகவிட்டான், அது கீழே ஸ்டோரை மேற்பார்க்கும் டீமேக்கரின் வழுக்கையில் விழுந்ததும் கைதட்டினான். கங்காணியார் கீழே பார்த்தார். பிறகு, இயந்திரங்களைச் சோதிப்பதுபோல, தூணைக் கொஞ்ச நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

இதற்கிடையில் பூரணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வசம்பு, உரைமருந்து, உரைக்கிற கல், ஓமத் தண்ணீர், காதில் வைக்கப் பஞ்சு, கம்பளிக் குல்லா, குல்லாவுக்கு மேலே போட இன்னொரு குல்லா, பழைய சேலைகளைக் கிழித்து மடித்த துணி ஒரு சாக்கு.

"ஒரு சாக்கு துணி என்னத்துக்கு? பறக்கறது ரெண்டு மூணு மணி நேரந்தாண்டி."

"ஆகாசத்துல போனா புள்ள ஒண்ணுக்குப் போகாதா? கீழ யாரு தலையிலயாச்சும் விழுந்தா பாவமில்லையா?"

"விழாது. ஏரோப்பிளேனுக்குத் தரை இருக்கு."

"உத்தரம் இல்லைன்னீங்க, தரை மட்டும் இருக்கா?" என்றாள் பூரணி.

மூட்டை விஷயத்தில் கங்காணியார் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. டிக்கட் வாங்கக் கொழும்புக்குப் போனபோது, கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்கள். விமானம் சின்னது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை ராத்தலுக்கு மேல் போகக்கூடாது. முன்கூட்டியே எடை பார்த்துத் தந்தியடிக்க வேண்டும். அந்த எடை போக மிச்ச இடத்தில் தபால் மூட்டை ஏற்றிவிடுவார்கள்.

கல்லுமலையில் தராசு என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசுதான். மாலையில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை லெட்சுமணன் ஒவ்வொரு கொழுந்து மூட்டையையும் கொக்கியில் மாட்டி நிறுப்பார். நிறுத்த எடையை அப்படியே சொல்வது கணக்கப்பிள்ளைகளின் வழக்கத்தில் இல்லை. சாக்குக்கு இத்தனை, மழை ஈரத்துக்கு இத்தனை, முற்றல் இலைக்கு இத்தனை என்று கழிவு போட்டு, மிச்சத்தைத்தான் உரக்கச் சொல்வார். வெயில் காய்கிற நாளிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. முப்பது வருஷமாக அப்படி. கை பழகிவிட்டது, வாயும் பழகிவிட்டது.

அன்று மாலை பெண்கள் எல்லாரும் நிற்கும்போதே கங்காணியார் குடும்பத்தோடு வந்து இறங்கினார். யாரும் பார்க்காத நேரத்தில் எடை பார்ப்பது அவருக்குத் தெரியாது.

முதலில் பிள்ளையைக் கொழுந்துச் சாக்கில் வைத்துக் கொக்கியில் மாட்டினார்கள். பிள்ளை தலையை வெளியே நீட்டி, ஊஞ்சல் என்று நினைத்துக் குதித்தான்.

"தம்பி, இருபது ராத்தல்!" என்றார் லெட்சுமணன். அடுத்த மூச்சிலேயே, "சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு, பதினேழு!"

மடுவமே சிரித்தது. "ஈரம் நெசந்தாண்டி, சாக்கு சொட்டுது!" என்று ஒருத்தி கத்தினாள். லெட்சுமணன் சிரிக்கவில்லை. தான் என்ன சொன்னார் என்பதே அவருக்குத் தெரியாது.

பூரணிக்கும் அப்படியே கழிவு விழுந்தது. மூட்டை முடிச்சுகளுக்கும் விழுந்தது. பிறகு நாலு கயிற்றில் பலகை கட்டி, கங்காணியார் தடியோடும் தலைப்பாகையோடும் ஏறி உட்கார்ந்தார். மடுவத்துக் கூரை ஒரு தடவை முனகியது. கால் இரண்டும் தரையைத் தொடாமல் ஆடின.

"இருநூத்திப் பதினெட்டு" என்றார் லெட்சுமணன் மெதுவாக.

கொழும்பில் சொன்ன கணக்குக்கு அது தாங்காது. கங்காணியார் முகம் சுருங்கியது. அப்போது காளியாயி வரிசையிலிருந்து வினயமாகக் கேட்டாள்:

"ஏன் கணக்கப்புள்ள ஐயா, பெரிய எடத்துக்கு மட்டும் கழிவு இல்லைங்களா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்!" என்று பலகையிலிருந்தே முழங்கினார் கங்காணியார். "போடும், கழிவு!"

"தலைப்பாகைக்கு நாலு, கோட்டுக்கு அஞ்சு, பூட்ஸுக்கு நாலு, ஈரத்துக்கு அஞ்சு..."

"எனக்கேதுய்யா ஈரம்?"

"மழைக்காலமுங்க. எல்லாருக்கும் உண்டு. சரியா இருநூறு!"

கூட்டிப் பார்த்தார்கள். கொழும்புக் கணக்குக்குள் கச்சிதமாக அடங்கியது. கங்காணியார் பலகையிலிருந்து இறங்கியபோது உண்மையிலேயே பதினெட்டு ராத்தல் இளைத்தவர்போல் நடந்தார்.

பூரணி காதருகே வந்து, "ஹட்டன் கடையில ஒரு தடவை நிறுத்துப் பாத்துருவமே. கழிச்சுட்டாப்ல ஒடம்பு கொறஞ்சுருமா?" என்றாள்.

இத்தனை பெண்கள் காது தீட்டிக்கொண்டு நிற்கும்போது அதற்கு ஒரே பதில்தான் இருக்க முடியும். "இந்த மடுவத்துத் தராசைவிட நியாயமான தராசு ஹட்டன்லயும் இல்ல, கொழும்புலயும் இல்ல! இதுல விழுற கழிவு, தெய்வம் போடுற கழிவு!"

காளியாயிக்கு மட்டும் இருமல் வந்தது. கொழும்புக்குத் தந்தி போயிற்று.

புறப்பாடு ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. கங்காணியார் ஹட்டனிலிருந்து வாடகைக்கு ஒரு கார் பிடித்தார். தான் வானத்தில் ஏறுவதைப் பார்ப்பதற்காகத் தோட்டத்து லொறியில் ஆட்களையும் ஏற்றினார். பார்க்க ஆளில்லாமல் ஏறுவதற்கு அவர் என்ன பறவையா? காரில் அவர், பூரணி, பிள்ளை, பிள்ளையைப் பிடித்துக்கொள்ளக் காளியாயி. பின்னால் லொறியில் சிரிப்பும் பாட்டும் கட்டுச்சோறுமாக நாற்பது பேர், அவர்களோடு கணக்கப்பிள்ளை லெட்சுமணன். ஓட்டியவன் மாயாண்டி.

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமானத் திடலில் இறங்கியதும் காருக்குப் பணம் கொடுத்து, "இனி நமக்கு ரோட்டுல வேலையில்ல, நீ போகலாம்" என்று கங்காணியார் கையசைத்தார். அந்தக் கையசைப்பை அவர் மூன்று நாளாகப் பழகியிருந்தார்.

புல்வெளியில் விமானம் நின்றது.

"இம்புட்டுத்தானா?" என்றான் மாயாண்டி. "நம்ம லொறிக்குள்ள வச்சு அடைச்சுரலாம் போலருக்கே!"

கம்பெனியின் உத்தியோகஸ்தர் வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு பறங்கி. தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். தரையில் பதித்த தராசைக் காட்டி, ஏறச் சொன்னார்.

"தந்தி கொடுத்தாச்சே" என்றார் கங்காணியார்.

"கொடுத்தது. இப்ப ஏறு பெரியவர்."

எல்லாரும் ஏறினார்கள். பிள்ளையும் ஏறினான், சாமானும் ஏறியது. உத்தியோகஸ்தர் முள்ளைப் பார்த்தார், தந்தியைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"நாப்பது ராத்தல் கிட்ட கூட இருக்கு. முடியாது."

"கழிவு போட்டீங்களா?" என்று கேட்டார் கங்காணியார்.

"என்ன கழிவு?"

கங்காணியார் முதலில் தடியைக் கீழே வைத்தார். பிறகு கடிகாரச் சங்கிலி. பிறகு பூட்ஸ். முள் சோம்பேறித்தனமாக ஒரு கோடு நகர்ந்தது. கோட்டைக் கழற்றினார். தலைப்பாகையைக் கழற்றினார், அதற்குள் அவருக்கு இவ்வளவு சின்னத் தலையா இருந்தது என்று லொறியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பூரணியின் துணிச்சாக்கை எடுத்து எறிந்தார். உரைகல்லை எறிந்தார். பிறகு அவர் கை வேட்டி முடிச்சுக்குப் போனதும் உத்தியோகஸ்தர் அவசரமாக, "போதும், போதும்! ஆள்தான் பாரம். உடுப்பு இல்லை" என்றார்.

"அந்தத் தபால் மூட்டையில ஒண்ணை எறக்குங்களேன்."

"அது ராஜாவின் தபால். தொடக்கூடாது."

"பெரிய ராசா ஏறிட்டாரு, நம்ம சின்னராசாவுக்கு எடமில்ல" என்று லொறியிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று கங்காணியார் திரும்பிப் பார்த்தபோது நாற்பது பேரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் பொறுமை அறுந்தது. திருச்சியில் மேளக்காரர்கள் நிற்கிறார்கள். மச்சான் காரில் வந்து நிற்கிறார். இங்கே ஒரு கால்சட்டைக்காரன் முள்ளைக் காட்டுகிறான்.

"ஒங்க தராசு தப்பு!" என்று கத்தினார். "இருக்கறதை அப்படியே காட்டுது! சாக்குக்குக் கழிக்கணும், ஈரத்துக்குக் கழிக்கணும், எங்க தோட்டத்துல அப்படித்தான். பத்து ராத்தல் நிறுத்தா எட்டுதான் சொல்லுவோம். ஈரமிருந்தாலும் கழிப்போம், இல்லாட்டியும் கழிப்போம். அதான் முறை!"

உத்தியோகஸ்தருக்கு இது புதிய விஷயம். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: "பத்து ராத்தல் இலை. எட்டுக்குக் காசு. அப்ப அந்த ரெண்டு ராத்தல் எங்கே போகும்?"

லொறியில் நாற்பது பேரும் ஒரே சமயத்தில் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். லொறியே சாய்ந்தது.

கங்காணியார் லெட்சுமணனைத் தேடினார். கணக்கப்பிள்ளை எப்போது நழுவினார், எந்த பஸ்ஸில் ஏறினார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

"தோட்டத்துக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

பைலட் கடிகாரத்தைப் பார்த்தார். உத்தியோகஸ்தர் முடிவாகச் சொன்னார்: பெரியவர் நின்றால் அம்மாவும் பிள்ளையும் போகலாம். அந்த இடத்தில் வேண்டுமானால் மெலிந்த ஆள் ஒருத்தரை ஏற்றலாம்.

பூரணி முன்னால் வந்தாள். "நான் தனியா ஏற மாட்டேன்" என்றாள். பிறகு புருஷனிடம் குரலைத் தாழ்த்தி, "ஆளே எறங்காம வெறும் ஏரோப்பிளேன் போனா, எங்கண்ணன் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பாரு. மொட்டைக்கு நாள் குறிச்சாச்சு. காளியாயியைக் கூட்டிட்டுப் போறேன். நீங்க கப்பல்ல வாங்க" என்றாள்.

"காளியாயியா? என் டிக்கட்டுலயா?"

"உங்க டிக்கட்டுல ரெண்டு காளியாயி போகலாம்" என்றாள் பூரணி.

காளியாயி செருப்பில்லாத காலோடு தராசில் ஏறினாள். முள் எழுந்து நின்றது. உத்தியோகஸ்தர் எடையைச் சொன்னார்.

"கழிவு எம்புட்டுங்க?" என்று கேட்டாள்.

"இங்கே கழிவு இல்லை."

காளியாயி குனிந்து முள்ளைப் பார்த்தாள். நிமிர்ந்து லொறியைப் பார்த்தாள். "அடி ஆத்தே!" என்று கூவினாள். "நான் இம்புட்டுக் கனமாடி!"

லொறி அதிர்ந்தது. விசிலும் குலவையுமாக அந்தப் புல்வெளி ஒரு கோயில் திருவிழாபோல் ஆகிவிட்டது. அந்தச் சந்தடியில் காளியாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூரணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விமானத்துக்குள் ஏறினாள். இயந்திரம் முழங்கியது. ஜன்னலில் தெரிந்த பிள்ளை சுகமாக ஒரு கொட்டாவி விட்டான்.

கங்காணியார் வெறுங்காலோடு கையை உயர்த்தினார். விமானம் அதற்குள் தென்னை மரங்களைத் தாண்டிவிட்டது.

திருச்சியில் மேளம் முழங்கியது என்றும், வடிவேல் வாயைப் பிளந்தார் என்றும், பெரிய கங்காணியின் கழுத்துக்கு அளவெடுத்துக் கட்டிய மாலை காளியாயியின் முழங்காலைத் தொட்டது என்றும் பிறகு பூரணி சொன்னாள். அன்று மத்தியானம் கங்காணியாருக்கு இவையெதுவும் தெரியாது. அவருக்கு ஹட்டனுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கப்பலில் போவதற்கு வேண்டிய காசு வீட்டில்தான் இருந்தது. கார் போய்விட்டது. லொறியின் முன்பக்கம் விமானம் மறுத்த பெட்டிகளும் துணிச்சாக்கும் ஏறியிருந்தன. எனவே பின்னால், நாற்பது பேருக்கு நடுவில், தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வழியில் அவிசாவளை வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை. அதற்குப் பிறகு ஒருத்தி மெதுவாக, "ஐயா, அந்தத் தொரை கேட்டாரே, அந்த ரெண்டு ராத்தலு..." என்றாள். கித்துள்கலையில் இன்னொருத்தி கேட்டாள். ஏற்றம் தொடங்கியதும், லொறி ஒவ்வொரு வளைவிலும் சாயச் சாய, அந்தப் பக்கத்தில் ஒருத்தி, இந்தப் பக்கத்தில் ஒருத்தி என்று முறைவைத்துக் கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துச் சிரித்து, பாட்டுக்கு நடுவில் எடுத்துவிட்டுக் கேட்டார்கள்.

"சொல்லுங்கய்யா, எங்கதான் போகுது?"

கினிகத்தேனைக்குக் கீழே ஒரு வளைவில் பெரிய கங்காணி எழுந்து நின்று கையைக் காட்டினார். பாட்டு நின்றது. மாயாண்டியும் வண்டியை மெதுவாக்கினான். பதில் சொல்ல வாயைத் திறந்தவர், லொறியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்து வாந்தி எடுத்தார்.